பழைய ஐ5 கம்ப்யூட்டரில் புது 27 இன்ச் மானிட்டர்: விஜிஏவில் தொடங்கி 50 ஹெர்ட்ஸ் வரை

சிவகாசியில் அக்கா வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறார். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, அவ்வப்போது ஒரு புத்தகம். அவரிடம் இருப்பது கோர் ஐ5 2400, எச்61 மதர்போர்டு, 8 ஜிபி ராம். 2011இல் வந்த தலைமுறைச் சிப். இடையில் எஸ்எஸ்டி போட்டோம், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றினோம், பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸும் லிப்ரே ஆபீசும் ஓடுகின்றன. வேகத்தில் எந்தக் குறையும் இல்லை. குறை இருந்தது 19 இன்ச் மானிட்டரில்தான், பின்னால் இருக்கும் விளக்கு மங்கி, வெள்ளைத் தாள் பழுப்பாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. இரண்டு பக்கத்தை அருகருகே வைத்துப் புரூஃப் பார்க்க வேண்டும் என்று அக்கா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததால், 27 இன்ச், 2560 x 1440 பிக்சல் மானிட்டராக வாங்கினோம்.

பெட்டியைப் பிரித்து மானிட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தால், படத்துக்கான கேபிள் சொருகும் போர்ட்களாக எச்டிஎம்ஐ இரண்டு, டிஸ்பிளேபோர்ட் ஒன்று, அவ்வளவுதான். கூட வந்தது ஒரு எச்டிஎம்ஐ கேபிள். சிபியுவின் பின்னாலோ நீல விஜிஏ ஒன்று, வெள்ளை டிவிஐ ஒன்று. எதுவும் எதற்குள்ளும் போகாது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. விஜிஏ 1987இல் ஐபிஎம் பிஎஸ்/2 கம்ப்யூட்டரோடு வந்தது. 2010 டிசம்பரிலேயே இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி எல்லாம் சேர்ந்து அதைப் படிப்படியாகக் கைவிடுகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் அந்த அறிவிப்புக்கு அப்புறம் விற்ற எச்61 போர்டுகளிலும் விஜிஏதான் முதல் போர்ட்டாக இருந்தது, நம் ஊர் அலுவலகங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் அந்தப் போர்டுகள் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால் இந்தச் சிக்கல் பலருக்கும் வரும், வந்த கையோடு கடைக்காரர் சொல்லும் முதல் பதில் "போர்டு, பிராசசர் மாத்திருங்க சார்" என்பதாக இருக்கும். நன்றாக ஓடும் ஒரு கம்ப்யூட்டரை ஒரு போர்ட்டுக்காகக் கழற்றிப் போடுவதில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. அதனால் எது தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் விஜிஏ வழி. இதில் திசை ரொம்ப முக்கியம். கடையில் தொங்கும் கன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவை எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போகிறவை, அதாவது புது லேப்டாப்பைப் பழைய மானிட்டருக்கோ புரொஜெக்டருக்கோ மாட்ட. நமக்கு வேண்டியது நேர்மாறு: விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு. வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றொன்றாகாது. உள்ளே இருக்கும் சிப் வேறு. நமக்கு வேண்டியதில் விஜிஏ ஆண் முனையாகவும் எச்டிஎம்ஐ துளையாகவும் இருக்கும், கரண்டுக்காக ஒரு யூஎஸ்பி வயரும் கூடவே வரும்.

மாட்டியதும் படம் வந்தது, 1920 x 1080இல். அக்கா பார்த்துவிட்டு, "தம்பி, புள்ளி எல்லாம் கலங்கின மாதிரி இருக்குடா" என்றார். கிட்டப் போய்ப் பார்த்தேன். 9 பாயின்டில் 'க்', 'ச்' எல்லாம் புள்ளி மேலே பஞ்சாக விரிந்து கிடந்தது. 'ண'வின் சுழிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, 'ன'வா 'ண'வா என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. செங்குத்துக் கோடுகளின் வலது ஓரத்தில் மெல்லிய நிழல் ஒன்று. புரூஃப் பார்க்கிறவருக்கு இது ஆகவே ஆகாது.

காரணம் இரண்டு. விஜிஏவில் போவது அனலாக் சிக்னல், பிக்சல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற தகவல் அதில் கிடையாது. வாங்குகிற பக்கம் ஊகித்துத்தான் வெட்ட வேண்டும். பழைய எல்சிடி மானிட்டர்களில் 'ஆட்டோ அட்ஜஸ்ட்' பட்டன் இருந்தது இதற்காகத்தான், கிளாக் (வெட்டும் வேகம்), ஃபேஸ் (வெட்டும் தருணம்) இரண்டையும் அது சரிசெய்துகொள்ளும். இங்கே அந்த ஊகத்தைச் செய்வது நடுவில் இருக்கும் சின்னக் கன்வெர்ட்டர், அதற்குப் பட்டனே இல்லை. மானிட்டருக்கு வருவது ஏற்கெனவே டிஜிட்டலாக மாறிய படம் என்பதால் அதன் மெனுவிலும் அந்த வசதி இருக்காது. இரண்டாவது காரணம், 1080 வரிகளை 1440 வரிகளாக இழுப்பது. ஒரு பிக்சலை 1.33 மடங்காக இழுக்க வேண்டும், முழு எண்ணாக வராததால் எல்லா ஓரமும் பக்கத்துப் பிக்சலோடு கலந்துவிடும். நான் வாங்கிய கன்வெர்ட்டர் 1080க்கு மேலே போகவும் போகாது. சரி, அதைக் கழற்றி வைத்தாயிற்று. அவசரத்துக்கு ஒரு பாட்ச் போடவோ பயாஸ் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) பார்க்கவோ உதவும், எழுத்து வேலைக்கு வேண்டாம்.

அடுத்தது டிவிஐ. பழைய கம்ப்யூட்டரில் டிவிஐ இருந்தால் முதலில் அதைத்தான் நம்ப வேண்டும் என்பது என் கருத்து. 1999இல் வந்த டிவிஐயும் அதற்குப் பின் வந்த எச்டிஎம்ஐயும் படத்தை அனுப்பும் முறை ஒன்றே, டிஎம்டிஎஸ் என்பார்கள். அதனால் டிவிஐ ஒரு முனை, எச்டிஎம்ஐ மறு முனை என்று ஒரு சாதாரணக் கேபிள் போதும். நடுவில் சிப்பும் இல்லை, யூஎஸ்பி கரண்டும் வேண்டாம், இந்தக் கேபிளில் பெரும்பாலும் திசைப் பிரச்சினையும் இல்லை. விலை சில நூறு ரூபாய்தான்.

வாங்கும் முன் சிபியுவின் பின்னால் டார்ச் அடித்துத் துளைகளைப் பாருங்கள். தட்டையான நீளத் துளையைச் சுற்றி நான்கு சின்னத் துளைகள் இருந்தால் அது டிவிஐ-ஐ, அனலாக்கும் சேர்ந்து வரும். இல்லாவிட்டால் டிவிஐ-டி, வெறும் டிஜிட்டல். அக்காவுடையது டிவிஐ-டி. இன்னொன்று, மூன்று வரிசையில் 24 துளையும் முழுசாக இருந்தது. அதைப் பார்த்தால் இரண்டு மடங்குத் தகவல் அனுப்பும் 'டூயல் லிங்க்' போலத்தான் தெரியும், டூயல் லிங்க் என்றால் 2560 x 1600 வரை போகும். ஆனால் இந்தத் தலைமுறை இன்டெல் போர்டுகளில் பிராசசரோடு வரும் கிராபிக்ஸ் ஒற்றை லிங்க்தான் கொடுக்கும். நடுவில் இருக்கும் கூடுதல் துளைகளில் சிக்னல் எதுவும் வராது. துளையை எண்ணி முடிவு செய்ய முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கேபிளை மாட்டினேன். மானிட்டர் "சிக்னல் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டது. இது அடிக்கடி நடக்கும், பயந்து கேபிளை மாற்ற வேண்டாம். தானாக இன்புட் தேடும்போது டிஸ்பிளேபோர்ட், எச்டிஎம்ஐ ஒன்று, இரண்டு என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து முடிப்பதற்குள் பழைய பயாஸ் தன் திரையைக் காட்டி முடித்திருக்கும். மெனுவில் ஆட்டோவை நிறுத்தி எச்டிஎம்ஐ ஒன்று என்று நிலையாக வைத்ததும் பயாஸ் எழுத்தே கணீரென்று வந்தது. மின்டும் வந்தது. ஆனால் மறுபடி 1920 x 1080தான், பட்டியலில் 2560 x 1440 இல்லவே இல்லை.

கூடவே வேறொரு கோளாறு. கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பல் பூசியது போல வெளுத்திருந்தது. டாஸ்க்பாரின் கீழ் ஓரம் கொஞ்சம் திரைக்கு வெளியே போயிருந்தது. பேனல் மட்டம் என்று நினைத்து மானிட்டரைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். எச்டிஎம்ஐயில் 1920 x 1080 என்பது டிவிக்கான அளவுகளில் ஒன்று. எதிரே எச்டிஎம்ஐ சாதனம் இருக்கிறது, அளவும் டிவி அளவு என்றதும், இன்டெல் டிரைவர் டிவிக்கு அனுப்புவது போல 16 முதல் 235 வரையான நிறங்களைத்தான் அனுப்பும். மானிட்டரோ 0 முதல் 255 வரை எதிர்பார்க்கும். லினக்ஸில் திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளையில் 'பிராட்காஸ்ட் ஆர்ஜிபி' என்ற அமைப்பை ஆட்டோமேட்டிக்கிலிருந்து ஃபுல்லுக்கு மாற்றினேன், கறுப்பு உடனே இறங்கியது. ஓரம் வெட்டுப்படுவது மானிட்டர் மெனுவில் ஓவர்ஸ்கேனை (டிவி போலப் படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுவது) அணைத்ததும் போயிற்று.

இப்போது 1440 ஏன் வரவில்லை என்பதைப் பார்க்க வேண்டும், இந்த வேலையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

மானிட்டருக்குள் ஈடிஐடி என்று ஒரு சின்னத் தகவல் தொகுப்பு இருக்கும். முதல் பகுதி 128 பைட், அதற்குப் பின் கூடுதல் பகுதிகள். எனக்கு எந்தெந்த அளவு பிடிக்கும், எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு எத்தனை படம் வரை தாங்குவேன் என்றெல்லாம் கேபிளின் இரண்டு மெல்லிய வயர் வழியாகக் கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடும். லினக்ஸில் இதை எடுத்துப் படிக்கலாம். படித்தேன். மானிட்டர் ஒழுங்காகவே 2560 x 1440, 60 ஹெர்ட்ஸ் என்று முதல் விருப்பமாகச் சொல்லியிருந்தது. கேட்டுக்கொண்ட கிராபிக்ஸ்தான் அதைத் தூக்கிப் போட்டிருக்கிறது.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. படம் 2560 x 1440 என்றாலும் வரிக்கு வரி, படத்துக்குப் படம் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் அனுப்புவார்கள். அந்த இடைவெளியையும் சேர்த்தால் 2720 x 1481, அதாவது ஒரு படத்துக்கு 40 லட்சத்து 28 ஆயிரத்துச் சொச்சம் பிக்சல். வினாடிக்கு 60 படம் என்றால் ஏறக்குறைய 241.7 மெகாஹெர்ட்ஸ். இதுதான் பிக்சல் கிளாக். ஒற்றை லிங்க் டிவிஐக்கு எழுதி வைத்த எல்லை 165 மெகாஹெர்ட்ஸ், 1920 x 1200 அதற்குள் அடங்கிவிடும், 1440 அடங்காது. இன்டெல் இந்தப் பிராசசருக்குச் சொல்லும் உச்சமும் 1920 x 1200தான்.

ஆனால் லினக்ஸில் இன்டெல் டிரைவர் இந்தத் தலைமுறைக்கு 225 மெகாஹெர்ட்ஸ் வரை அனுமதிக்கிறது, எதிரே எச்டிஎம்ஐ சாதனம் இருந்தால். போர்ட் வெளியே டிவிஐயாக இருந்தாலும் எக்ஸ்ரேண்டர் பட்டியலில் அது 'எச்டிஎம்ஐ-1' என்றுதான் வருகிறது. சிப்புக்கு இரண்டும் ஒன்றுதான். ஆக, தேவை 241.7, கிடைப்பது 225. வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். பிக்சலைக் குறைக்க முடியாது, வினாடிக்கு எத்தனை படம் என்பதைக் குறைக்கலாம். 55 ஹெர்ட்ஸ் என்றால் 221.6. 50 என்றால் 201.4. மானிட்டரின் ஈடிஐடியில் செங்குத்து வீச்சு 48 முதல் என்று போட்டிருந்தது, ஆக 50ஐ அது ஏற்கும்.

சிவிடி என்ற கட்டளை இந்த எண்களைத் தானே போட்டுக் கொடுக்கும். ஆனால் இடைவெளி குறைத்த முறையில் 60ஐயும் அதன் மடங்குகளையும் தவிர வேறெதையும் தராது. அதனால் 60க்கான வரியை வாங்கிக்கொண்டு, மற்ற எண்களை அப்படியே விட்டுவிட்டு, முதல் எண்ணான கிளாக்கை மட்டும் குறைத்தேன். 50 ஹெர்ட்ஸுக்கான வரி இது:

201.42 2560 2608 2640 2720 1440 1443 1448 1481

கிடைமட்டச் சிங்க் பிளஸ், செங்குத்துச் சிங்க் மைனஸ். எக்ஸ்ரேண்டரில் நியூமோட் என்று இதைப் பதிய வேண்டும், ஆட்மோட் என்று எச்டிஎம்ஐ-1க்குச் சேர்க்க வேண்டும், அப்புறம் அந்த மோடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சோதனைக்காக 241.5 போட்டு 60ஐயும் கேட்டுப் பார்த்தேன், டிரைவர் மறுத்துவிட்டது. 55க்குத் திரை வந்தது, இரண்டு பக்கமும் முழு அளவில் அருகருகே நின்றன. ஆனால் சாம்பல் நிறப் பின்னணியில் அங்கங்கே வெள்ளைப் பொட்டு மின்னி மறைந்தது. இது பேனல் கோளாறு இல்லை, சிக்னல் வேகத்தைக் கேபிளோ போர்டோ தாங்கவில்லை என்பதன் அடையாளம். நீளமான கேபிளைக் கழற்றிக் குட்டையான ஒன்றைப் போட்டதும் பொட்டுகள் பெருமளவு குறைந்தன, முழுசாகப் போகவில்லை. போர்டு 165ஐ மனதில் வைத்துச் செய்தது, அதை 221க்கு ஓட்டுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. 50க்கு இறக்கினேன், ஒரு பொட்டுகூட இல்லை. அதையே வைத்துக்கொண்டோம்.

கூடவே ஒரு நல்லது நடந்தது. 2560 x 1440 டிவி அளவு இல்லை என்பதால் டிரைவர் தானாகவே முழு நிற வீச்சை அனுப்புகிறது, பிராட்காஸ்ட் ஆர்ஜிபி அமைப்பைத் தொடாமலே கறுப்பு கறுப்பாக இருக்கிறது.

அக்கா அதே பக்கத்தைத் திறந்தார். 'ண'வின் சுழிகள் தனித்தனியாக, மெய்யெழுத்துப் புள்ளி வட்டமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே வெள்ளை இடம் தெளிவாக. "இப்பதான்டா அச்சடிச்ச தாள் மாதிரி இருக்கு" என்றார். 50 ஹெர்ட்ஸில் மவுசை வேகமாக இழுத்தால் லேசாகத் தட்டுவது தெரியும், பக்கத்தை உருட்டும்போதும் தெரியும். எழுத்து அசையாமல் நிற்கும் வேலைக்கு ஒரு குறையும் இல்லை. கேம் ஆடுகிறவருக்கு இந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

எழுத்து முன்பைவிடச் சிறியதாகத் தெரியும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 19 இன்ச் 1440 x 900 மானிட்டரில் இன்ச்சுக்கு 90 பிக்சல் அளவு, இதில் 109. ரெசல்யூஷனைக் குறைத்துப் பெரிதாக்காதீர்கள், மறுபடி கலங்கும். மின்டின் எழுத்துரு அமைப்பில் டெக்ஸ்ட் ஸ்கேலிங்கை 1.15 ஆக்கினேன், மெனு எல்லாம் படிக்க வசதியாயிற்று. ஸ்கிரைபஸில் 100 சதவீதம் என்றால் திரையில் தாளின் உண்மை அளவு வரும்படி ஸ்கேலை அளந்து சரிசெய்துகொண்டார் அக்கா, அது அவர் யோசனை. பத்திரிகை வேலைக்கு ரொம்ப உதவுகிறது.

ரீஸ்டார்ட் செய்தால் எக்ஸ்ரேண்டரில் போட்டதெல்லாம் போய்விடும். அந்த மூன்று வரியையும் ஒரு சின்ன ஸ்கிரிப்டில் எழுதி, லாகின் திரையைக் காட்டும் லைட்டிஎம்மின் அமைப்பில் டிஸ்பிளே செட்டப் ஸ்கிரிப்ட் என்ற இடத்தில் அதன் பாதையைக் கொடுத்தேன். லாகின் திரை வரும் முன்பே மோட் தயாராகிவிடும். அதன் பிறகு டிஸ்பிளே செட்டிங்ஸ் பட்டியலில் 2560 x 1440 தானே தெரியும், ஒருமுறை அங்கே தேர்ந்தெடுத்துவிட்டால் மின்டின் டெஸ்க்டாப்பான சினமன் நினைவில் வைத்துக்கொள்ளும். இதெல்லாம் லினக்ஸில் திரையைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11இல்தான், புதிய முறையான வேலண்டில் எக்ஸ்ரேண்டர் இப்படி வேலை செய்யாது.

கொஞ்சம் புதிய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு வேலை இருக்காது. 2013இல் வந்த நான்காம் தலைமுறை இன்டெல்லிலிருந்து எச்டிஎம்ஐயிலேயே 300 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கிறது, 1440 நேராக 60க்கு வரும். டிஸ்பிளேபோர்ட் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள். ஒரே எச்சரிக்கை, டிஸ்பிளேபோர்ட்-எச்டிஎம்ஐ கேபிள் கம்ப்யூட்டரில் டிஸ்பிளேபோர்ட், மானிட்டரில் எச்டிஎம்ஐ என்ற திசையில்தான் வேலை செய்யும். கம்ப்யூட்டரில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்பிளேபோர்ட் என்றால் யூஎஸ்பி கரண்டோடு வரும் தனிக் கன்வெர்ட்டர் வேண்டும். கடையில் கேபிளைக் காட்டி "ரெண்டு பக்கமும் போகும்ணே" என்றால் நம்பாதீர்கள்.

எச்61இல் 60 ஹெர்ட்ஸே வேண்டும் என்கிறவர்களுக்கு கிராபிக்ஸ் கார்டு வழி இருக்கிறது. எச்டிஎம்ஐ 1.4 அல்லது டிஸ்பிளேபோர்ட் உள்ள சின்னக் கார்டே பெரும்பாலும் 1440க்குப் போதும். ஸ்லாட் கொடுக்கும் 75 வாட்டுக்குள் அடங்குகிற, தனி பவர் கனெக்டர் கேட்காத கார்டாகப் பாருங்கள், பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை) அந்த வயர் இல்லாமல் இருக்கலாம். சிபியு பெட்டி ஒல்லியானது என்றால் குட்டைப் பிராக்கெட்டும் கேளுங்கள். முக்கியமாக, ஆரம்பகால எச்61 போர்டுகளில் யூஈஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) இல்லாத பழைய பயாஸ் இருக்கலாம், புதிய கார்டுகள் சிலவற்றோடு அவை திரையே காட்டாது. போர்டின் பயாஸ் பதிப்பைக் குறித்துக்கொண்டு போங்கள், திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லும் கடையில் வாங்குங்கள், முடிந்தால் சிபியுவையே தூக்கிக்கொண்டு போய் அங்கேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.